நம்ம முட்டு வேறு, பிள்ளைகளின் முட்டு வேறு

எழுபது வயதில் முட்டு மாற்றிக்கொண்ட எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. ஆபரேஷன் முடிந்து ஆறு மாதத்தில் கம்பை மூலையில் சாத்திவைத்துவிட்டுக் கடற்கரை வரை நடக்க ஆரம்பித்ததும், எதிரே நொண்டிக்கொண்டு வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, "நீயும் மாற்றிப்போடு, ஏன் கிடந்து கஷ்டப்படுகிறாய்" என்று சொல்லத் தொடங்குகிறோம். ஆபரேஷன் என்றாலே பயப்படும் இன்னொரு கூட்டமும் நம்மில் உண்டு. அவர்கள் சொல்வது: "அறுபது ஆகட்டும். அதுவரை எண்ணெய் போட்டுத் தடவிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு இரு."

இரண்டு கூட்டமும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் கேட்டுக்கொண்டு நிற்பவருக்கு வயது நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடையில் என்றால், இரண்டு யோசனையுமே அவரைக் கெடுத்துவிடலாம். அதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்து, அரசு அலுவலகத்தில் ஃபைல் எழுதியே தலை நரைத்து, மனைவியின் ஊரான தேங்காய்ப்பட்டணத்துக்கு வந்து சேர்ந்தவன். எழுபத்தொன்றாம் வயதில் வலது முட்டை மாற்றிக்கொண்டேன். ஃபைல் எழுதியவனுக்கு ஒரு குணம் போகாது: எந்தப் பிரச்சினை வந்தாலும், முடிவு எடுக்கும் முன் "மாற்று வழிகள்" என்று ஒரு பத்தி எழுதாமல் மேலதிகாரிக்கு அனுப்பமாட்டோம். முட்டு விஷயத்தில் நம் ஊரில் விட்டுப்போவது அந்தப் பத்திதான்.

முதலில் பெயரைப் பார்ப்போம். நாம் எல்லாவற்றையும் "வாதம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். பிரெஞ்சில் இதற்கு இரண்டு சொல். உழைத்து உழைத்துக் குருத்தெலும்பு தேய்வது "ஆர்த்ரோஸ்". உடம்பே தன் மூட்டைத் தாக்கி வீங்கவைப்பது போன்றவை "ஆர்த்ரித்". காலையில் எழுந்ததும் இரண்டு கை விரல்களும் மணிக்கணக்கில் இறுகிக் கிடந்து, பல மூட்டுகள் ஒருசேர வீங்கினால் அது இரண்டாவது வகையாக இருக்கலாம். அதற்கு முதலில் தேவை மருந்து, கத்தி பிறகு. நடந்தால் வலி, உட்கார்ந்தால் நிம்மதி, படியிறங்கும்போது மோசம் என்றால் பெரும்பாலும் முதல் வகை. நான் இங்கே பேசுவது அந்தத் தேய்மானத்தைப் பற்றி.

என் மனைவியின் தம்பி மகனுக்கு வயது நாற்பத்தொன்பது. வளைகுடாவில் பதினேழு வருஷம் கொத்தனார் வேலை செய்துவிட்டுத் திரும்பியவன். இரண்டு காலும் வில் மாதிரி வளைந்துவிட்டன. இடது முட்டின் உள்பக்கம் வலி. ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பத்து நிமிஷத்தில், "இரண்டு முட்டையும் மாற்றிவிடலாம், ஒரே தடவையில் முடிந்துவிடும்" என்று சொல்லிவிட்டார்கள். வேறு வழி உண்டா என்று அவனும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. என்னிடம் வந்து, "உங்களுக்கு நல்லாத்தானே இருக்கு மாமா, நானும் செய்துபோடட்டா?" என்று கேட்டான்.

எனக்கு நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் என் முட்டுக்கு இருக்கும் வேலை என்ன? கடைக்குப் போய்வருவது, பேரனைப் பள்ளிக்கூட வண்டிவரை கொண்டுவிடுவது. அவனுடைய முட்டு சாரத்தில் ஏறவேண்டும், சிமென்ட் மூட்டை தூக்கவேண்டும், குத்தவைத்துத் தரை பூசவேண்டும். என்னுடையது பத்துப் பதினைந்து வருஷம் உழைத்தால் போதும். அவனுடையது முப்பது வருஷம் உழைக்கவேண்டும்.

இதற்குக் கணக்கு இருக்கிறது. 2017-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில், பிரிட்டனின் நோயாளிப் பதிவுகளை வைத்து ஒரு ஆய்வு வந்தது. எழுபது வயதுக்கு மேல் மாற்றிக்கொண்டவர்களில், வாழ்நாளுக்குள் அதே மூட்டில் மறுபடியும் ஆபரேஷன் தேவைப்படும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து அளவில்தான். ஐம்பதைத் தாண்டிய உடனே முட்டை மாற்றிக்கொண்ட ஆண்களுக்கோ அது நூற்றுக்கு முப்பத்தைந்து வரை போகிறது. மூன்றில் ஒருவர். இரண்டாவது தடவை செய்வது முதல் தடவை மாதிரி சுலபமும் இல்லை. எலும்பு குறைந்திருக்கும், செலவு கூடும், பலனும் அந்த அளவுக்கு இருக்காது. நம் வயதில் கிடைத்த நல்ல அனுபவத்தைப் பிள்ளைகளுக்கு அப்படியே தூக்கிக் கொடுக்கக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் மாற்று வழிகள் என்ன?

கத்தி இல்லாத வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முட்டின் மேல் விழும் பாரம் நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது என்று கண்டிருக்கிறார்கள். ஐந்து கிலோ குறைத்தால் இருபது கிலோ. தொடையின் முன்பக்கத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியும் வலியைக் குறைக்கும். நம் மாவட்டம் வர்ம ஆசான்களின் மாவட்டம். எண்ணெய் போட்டுத் தடவினால் தசை இளகும், வலி தணியும். அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் தேய்ந்த குருத்தெலும்பு எண்ணெயாலும் வளராது, மாத்திரையாலும் வளராது.

அடுத்தது, "சின்னத் துளை போட்டு உள்ளே கழுவிவிடலாம்" என்ற யோசனை. கேட்க ஆசையாகத்தான் இருக்கும். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் 180 பேரை வைத்து இதைச் சோதித்து, 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். சிலருக்கு உண்மையாகவே கழுவி, சிலருக்குச் சுரண்டிச் சுத்தம் செய்து, மீதிப் பேருக்கு வெறுமனே தோலைக் கீறித் தையல் மட்டும் போட்டு அனுப்பினார்கள். யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டு வருஷம் கவனித்துப் பார்த்ததில், உண்மையான ஆபரேஷன் வெறும் தையலைவிட மேலாக ஒன்றும் செய்யவில்லை. வெறும் தேய்மானத்துக்கு முட்டைக் கழுவச் சொன்னால் ஒன்றுக்கு இரண்டு தடவை யோசியுங்கள்.

மூன்றாவது வழியைப் பற்றித்தான் நம் ஊரில் பேச்சே இல்லை. கால் வளைந்தவர்களுக்குப் பாரம் முழுவதும் முட்டின் உள்பக்கமே விழுகிறது. உள்பக்கம் தேயும், வெளிப்பக்கம் நன்றாகவே இருக்கும். முட்டுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பை ஒரு பக்கத்தில் வெட்டி, ஆப்பு வைத்த மாதிரி இடைவெளி விட்டுத் திறந்து, காலை நேராக்கி, பிளேட்டும் ஸ்குருவும் போட்டு நிறுத்துகிறார்கள். பாரம் நல்ல பக்கத்துக்கு மாறுகிறது. சாய்ந்த வீட்டுக்கு அஸ்திவாரத்தைச் சரிசெய்வது மாதிரிதான். 1960-களிலிருந்தே உலகத்தில் செய்துவருகிறார்கள். இதில் முட்டு அவருடைய சொந்த முட்டாகவே இருக்கிறது. எலும்பு கூடிய பிறகு பாரம் தூக்கலாம், குத்தவைக்கலாம், மண்டியிடலாம். பலருக்குப் பத்து வருஷமும் அதற்கு மேலும் தாங்குகிறது. பிறகு தேவைப்பட்டால், அறுபதுக்கு மேல் முழு மாற்று செய்துகொள்ளவும் வழி அடைபடாது. கொஞ்சம் கஷ்டமான ஆபரேஷனாக இருக்கும், அவ்வளவுதான்.

குறையையும் சொல்லவேண்டும். எலும்பு கூடச் சுமார் மூன்று மாதம் ஆகும்; பாரமான வேலைக்குத் திரும்ப நான்கு முதல் ஆறு மாதம். தினக்கூலிக்காரனுக்கு அத்தனை மாதம் அடுப்பு எரிவது எப்படி என்ற கேள்வி சாதாரணம் இல்லை. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு எலும்பு கூடுவது தாமதமாகும். முட்டு எல்லாப் பக்கமும் தேய்ந்திருந்தாலோ, வாதவீக்கம் என்ற அந்த இரண்டாவது வகை இருந்தாலோ இது உதவாது.

நான்காவது, பாதி முட்டு மாற்று. தேய்ந்த பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு, மற்றதையும் தசைநார்களையும் அப்படியே விட்டுவிடுவார்கள். சீக்கிரம் எழுந்து நடக்கலாம், சொந்த முட்டு மாதிரியே இருக்கும் என்கிறார்கள். ஆனால் நீடித்து நிற்பதில் முழு மாற்றைவிடப் பின்தங்குகிறது. 2019-ல் அதே லான்செட்டில் வந்த கணக்கு: முழு முட்டு நூற்றில் 82 பேருக்கு இருபத்தைந்து வருஷம் நிற்கிறது, பாதி முட்டு 70 பேருக்கு.

ஐந்தாவதாகத்தான் முழு மாற்று. நாற்பத்தொன்பது வயதிலும் சிலருக்கு அதுதான் சரி. முட்டு முழுவதும் போய், ராத்திரி தூக்கம் போய், வேலையே செய்யமுடியாமல் கிடப்பவரை "அறுபது ஆகட்டும்" என்று பத்து வருஷம் உட்காரவைப்பது பாவம். அந்தப் பத்து வருஷமும் அவருடைய வாழ்க்கைதானே. ஆனால் மாற்றிக்கொண்ட பிறகு பனையேறவும் மூட்டை தூக்கவும் போகக்கூடாது என்பதையும், தரையில் உட்காருவதும் தொழுகையில் மண்டியிடுவதும் பலருக்குப் பழைய மாதிரி வராது என்பதையும் ஆபரேஷனுக்கு முன்பே சொல்லவேண்டும். பந்தியில் நாற்காலி போட்டுச் சாப்பிடுவது எனக்குச் சங்கடம் இல்லை. ஐம்பது வயது உழைப்பாளிக்கு அது வருமானத்தைப் பற்றிய விஷயம்.

இனி இடுப்பு மூட்டு. இங்கே கதை தலைகீழ். முட்டில் அவசரம் கெடுக்கிறது. இடுப்பில் பெரும்பாலும் தாமதம் கெடுக்கிறது.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில், அண்டியாபீஸில் முந்திரி உடைக்கும் ஒரு பெண். ஐம்பத்திரண்டு வயது. முட்டு வலிக்கிறது என்று நான்கு வருஷம் முட்டுக்கு எண்ணெய் போட்டார்கள், கட்டுக் கட்டினார்கள், ஊசி போட்டார்கள். முட்டு எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் இல்லை. கடைசியில் ஒரு இளம் டாக்டர் காலை மடக்கி உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். அந்த அம்மா அலறிவிட்டாள். இடுப்பு மூட்டு முழுவதும் போயிருந்தது. அதற்குள் கால் குட்டையாகி, தொடைத் தசை வற்றி, நடை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

இது எல்லோருக்கும் தெரிந்திருக்கவேண்டிய விஷயம். இடுப்பு மூட்டுக் கெட்டால் வலி சில சமயம் முட்டில் தெரியும். நாம் "இடுப்புவலி" என்று சொல்வது பெரும்பாலும் முதுகின் அடிப்பக்கம். அது இடுப்பு மூட்டு இல்லை. உண்மையான இடுப்பு மூட்டு வலி கவட்டையில், அதாவது தொடையும் அடிவயிறும் சேரும் இடத்தில் வரும். கால்மேல் கால் போடமுடியாமலும் குனிந்து கால் நகம் வெட்டமுடியாமலும் ஆனால் இடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நடுத்தர வயதில் இடுப்பு கெடுவதற்கு நம் நாட்டில் ஒரு முக்கியக் காரணம், தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று அது செத்துப்போவது. ஸ்டீராய்டு மருந்தும் குடியும் இதற்குப் பெரிய காரணங்கள். கொரோனா காலத்தில் ஸ்டீராய்டு அதிகம் எடுத்த சிலருக்குப் பிறகு இது வந்ததை டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரியும். அந்த நேரத்தில் எலும்பில் துளையிட்டு அழுத்தத்தைக் குறைத்தால் சிலருக்கு மூட்டைக் காப்பாற்றலாம். தலை நொறுங்கி அமுங்கிவிட்டால் அந்த வழி அடைந்துவிடும். பிறகு மாற்றுத்தான்.

இடுப்பு மாற்று வலியைப் போக்குவதில் மிகவும் நம்பிக்கையான ஆபரேஷன். நான் படித்த மொழிக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 1946-ல் பாரிசில் ழுதே சகோதரர்கள் அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் தொடை எலும்புத் தலை செய்து பொருத்தினார்கள். அப்படிப் பொருத்திக்கொண்ட சிலர் அசைந்தால் கீச்சென்று சத்தம் வருமாம். அந்தச் சத்தத்தைக் கேள்விப்பட்ட ஜான் சார்ன்லி என்ற ஆங்கில டாக்டர், உராய்வைப் பற்றி ஆராயப் புறப்பட்டார். முதலில் டெஃப்ளான் கிண்ணம் வைத்துப் பார்த்தார். சில வருஷத்தில் தேய்ந்து தோற்றது. 1962-ல் கெட்டியான பாலிதீன் கிண்ணம் வைத்தார். இன்றைய இடுப்பு மாற்றுக்கு அதுதான் அடிப்படை. பிறகு 1970-களில் செயின்ட் எத்தியேன் நகரில் ழில் பூஸ்கே என்ற டாக்டர், பந்து நழுவிவிடாதபடி இரண்டு அடுக்காகச் சுழலும் கிண்ணத்தை உருவாக்கினார். இன்று அதை உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள்.

இதில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. இளவயதுக்காரர்களுக்கு ஏற்றது என்று உலோகத்தோடு உலோகம் உராயும் புது மூட்டுகள் வந்தன. அதில் ஏ.எஸ்.ஆர். என்ற ஒன்றை, உலோகத் துகள் கலந்து திசு கெடுவதால், 2010 ஆகஸ்டில் ஜான்சன் அண்ட் ஜான்சனின் டெப்யூ கம்பெனி உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. இந்தியாவில் 4,700 ஆபரேஷன்களில் அதைப் பொருத்தியிருந்தார்கள் என்றும், அவர்களில் பெரும்பாலானவர்களைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றும் மத்திய அரசு அமைத்த குழு சொன்னது. ஆபரேஷன் செய்தவர்கள் கையில் எந்த மூட்டு என்ற காகிதம் இல்லை. அதனால், பொருத்திய மூட்டின் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சம்மரியோடு கேட்டு வாங்கி, பத்திரத்தோடு பத்திரமாகப் பூட்டி வையுங்கள். புதுசு என்பதற்காக எதையும் வைத்துக்கொள்ளவேண்டாம். இருபது வருஷம் நின்று காட்டியது எது என்று கேளுங்கள்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முட்டு மூட்டுகளுக்கு உச்ச விலை வைத்தது. லட்சத்தைத் தாண்டி விற்றுக்கொண்டிருந்த கோபால்ட் குரோமியம் மூட்டு, ஜி.எஸ்.டி. நீங்கலாக 54,720 ரூபாய்க்கு இறங்கியது. ஆனால் அது மூட்டின் விலைக்கு மட்டும்தான். அறை வாடகைக்கும் மற்றச் செலவுக்கும் இல்லை. இடுப்பு மூட்டும் அந்த உத்தரவில் வரவில்லை. ஆகவே பில்லைப் பிரித்துக் கேட்கவேண்டும். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மூட்டு மாற்று உண்டு. திருவனந்தபுரத்துக்கு ஓடி நகையை அடகு வைக்கும் முன், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு தடவை காட்டிக் கேட்டால் குறைந்து போகமாட்டோம்.

மச்சினன் மகனுக்கு நான் ஒரு வெள்ளைத் தாளில் ஐந்து கேள்வி எழுதிக் கொடுத்தேன். முட்டில் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எல்லாப் பக்கமுமா? நின்றுகொண்டு எடுத்த எக்ஸ்ரே இருக்கிறதா, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை முழுக் காலும் எடுத்தார்களா? எலும்பை வெட்டி நேராக்கும் ஆபரேஷனுக்கு நான் தகுதியா, இல்லையென்றால் ஏன்? ஆபரேஷனுக்குப் பிறகு என் வேலையில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது? இன்னும் ஆறு மாதம் உடம்பைக் குறைத்துப் பயிற்சி செய்துவிட்டு வந்தால் ஏதாவது கெட்டுப்போகுமா? இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் டாக்டரிடம் காலைக் கொடுக்கலாம். கோபப்படுபவரிடமிருந்து எழுந்து வந்துவிடவேண்டும்.

அவன் வேறு டாக்டரிடம் காட்டினான். இடது முட்டில் உள்பக்கம் மட்டும்தான் தேய்வு, எலும்பை நேராக்கலாம். வலது முட்டை இப்போது தொடவே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். ஆறு மாத வருமானம் நின்றால் மகளின் நர்சிங் படிப்புக்கு என்ன செய்வது என்று அவன் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான். அந்தக் கணக்கை அவனும் அவன் பெண்டாட்டியும்தான் போடவேண்டும்.

பெரியவர்களான நாம் செய்யக்கூடியது வேறு. நம் முட்டின் கதையைச் சொல்லி முடிவெடுக்க வைப்பதை நிறுத்திவிட்டு, அவர்களோடு கூடப் போய் டாக்டர் முன்னால் உட்கார்ந்து, அவர்கள் கேட்க மறந்த கேள்வியைக் கேட்கலாம். முடிந்தால் அந்த ஆறு மாதத்தில் ஒரு மாதத்து அரிசியை நாம் ஏற்றுக்கொள்ளலாம். பென்ஷன் வாங்குகிற நமக்கு அது பெரிய பாரம் இல்லை.